சாவி யார் கையில்?
தலைவர்களின் தாள்களும் டிஜிட்டல் பதிப்பும்

1

ஒரு தலைவர் செத்த பிறகு அவருக்கு முதலில் கிடைப்பது மாலை. அடுத்து சிலை. அப்புறம் தபால்தலை, மண்டபம், ஒரு தெருவுக்கோ ஆஸ்பத்திரிக்கோ பெயர். கடைசியில்தான் அவர் எழுதிய தாள் யாருக்காவது ஞாபகத்துக்கு வருகிறது. அதற்குள் பாதி கரையானுக்குப் போயிருக்கும், மீதி பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். அயோத்திதாசப் பண்டிதருக்கு 2005இல் தபால்தலை வந்தது. 2023இல் கிண்டியில் மணிமண்டபம் திறந்தார்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நூறு வருஷம் பெயரைக்கூடச் சொல்லாமல் இருந்தவர்கள் இதையாவது செய்தார்களே. ஆனால் சிலை பேசாது, தாள்தான் பேசும். அதனாலேயே சிலைக்குக் கிடைக்கிற இடம் தாளுக்குக் கிடைப்பதில்லை.

இப்போது புதிதாய் ஒரு குரல் கேட்கிறது. "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டா போச்சு. அப்புறம் எவனும் அழிக்க முடியாது" என்கிறார்கள். இளைஞர்கள் ஆர்வமாய் இறங்கியிருக்கிறார்கள், நல்ல காரியம். கைப்பேசியிலேயே ஒரு புத்தகத்தைப் படமெடுத்து, ராத்திரியோடு ராத்திரியாக நாலு ஊருக்கு அனுப்பிவிட முடிகிறது. செலவில்லாத ஆயுதம் ஒன்று கையில் வந்திருப்பது உண்மைதான். என்றாலும் ஆயுதத்தைக் கொண்டாடுவதற்கு முன்னால் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். எதை ஸ்கேன் செய்வது, எதை விடுவது என்று தீர்மானிப்பது யார்? ஸ்கேன் செய்ததற்குப் பெயர் வைப்பது யார்? அந்தக் கோப்புகள் கிடக்கும் இடத்தின் சாவி யார் கையில்? இந்த மூன்றையும் கேட்காமல் டிஜிட்டல் டிஜிட்டல் என்று பேசினால் இரும்புப் பெட்டியில் இருந்த அதிகாரம் கண்ணாடிப் பெட்டிக்கு மாறும். மற்றபடி ஒன்றும் மாறாது.

இதை வெறும் தத்துவமாகப் பேச வேண்டியதில்லை. நம் கண்முன்னே இரண்டு வரலாறு இருக்கிறது. ஒன்று பாபாசாகேப் அம்பேத்கரின் தாள்கள், இன்னொன்று அயோத்திதாசரின் 'தமிழன்'.

2

1956 டிசம்பர் 6 அன்று தில்லி அலிப்பூர் சாலை 26ஆம் எண் வீட்டில் அம்பேத்கர் இறந்தார். உயில் எழுதி வைக்கவில்லை. வாழ்நாள் முழுக்க எழுதிக் குவித்தவர் விட்டுச் சென்றவை கட்டுக்கட்டாய் இருந்தன: தட்டச்சுப் பிரதிகள், கையெழுத்துத் தாள்கள், பாதி எழுதிய அத்தியாயங்கள், குறிப்பு நோட்டுகள். சொத்துத் தகராறு கோர்ட்டுக்குப் போனது. தாள்கள் நீதிமன்ற நிர்வாகத்தின் பூட்டுக்குள் போயின. 1967 ஜனவரியில் அந்த வீட்டைக் காலி செய்ய ஆட்கள் வந்தபோது சாமான்களோடு சேர்த்துத் தாள்களையும் முற்றத்தில் வீசினார்கள் என்றும், இரவு பெய்த மழையில் பல நனைந்து நாசமாயின என்றும் அவருடைய தட்டச்சராக இருந்த நானக் சந்த் ரத்து எழுதியிருக்கிறார். இந்திய அரசியல் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவருடைய தாள்கள் தலைநகரத்திலேயே மழையில் கிடந்தன என்றால், ஊர்ப்புறத்துச் சேரித் தலைவர்களின் தாள்களுக்கு என்ன கதி நேர்ந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மகாராஷ்டிர அரசு 1976இல்தான் ஒரு பதிப்புக் குழுவை அமைத்தது. 1978இல் வசந்த் மூன் பொறுப்புக்கு வந்தார். நாக்பூர் மகர் சேரியில் பிறந்து வளர்ந்து, அரசு அதிகாரியாக உயர்ந்தவர். நீதிமன்றப் பூட்டில் கிடந்த பெட்டிகள் திறக்கப்படவும், கலைந்து கிடந்த பக்கங்கள் ஒன்றுசேரவும் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதல் தொகுதி 1979இல் வந்தது, அதாவது அம்பேத்கர் இறந்து 23 ஆண்டு கழித்து.

இங்கே ஓர் ஒப்பீட்டைச் சொல்லித்தான் ஆக வேண்டும். காந்தியின் மொத்த எழுத்துக்களையும் பதிப்பிக்கும் வேலையை இந்திய அரசு 1956இல் தொடங்கியது. அம்பேத்கர் இறந்த அதே வருஷம். காந்திக்கு 100 தொகுதிகள் 1994இல் முடிந்தன. பிற்பாடு திருத்திய பதிப்பையும் குறுந்தகட்டையும் கொண்டுவந்தபோது, பழைய பதிப்பில் இருந்தவை விடுபட்டிருக்கின்றன என்று அறிஞர்கள் ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டுக் காட்டினார்கள். 2005இல் அரசு அந்தத் திருத்திய பதிப்பையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2013இல் சபர்மதி ஆசிரமம் எல்லாவற்றையும் இணையத்தில் திறந்து வைத்தது. காந்திக்கு இது நடந்ததில் நமக்கு வயிற்றெரிச்சல் இல்லை. ஒரு எழுத்தில் ஒரு வரி விடுபட்டாலும் கேள்வி கேட்க ஆள் இருக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல உதாரணம். நம்ம ஆளுக்கு அப்படிக் கணக்குப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

இல்லையென்று சொல்லிவிட முடியாது. தெருவில் இறங்கிக் கணக்குக் கேட்ட நாளும் உண்டு. 1987இல் நான்காம் தொகுதியாக 'இந்துமதத்தின் புதிர்கள்' வந்தது. அதில் ராமனையும் கிருஷ்ணனையும் பற்றிய பகுதியை நீக்கச் சொல்லி 1988 தொடக்கத்தில் சிவசேனாவும் மராட்டா அமைப்புகளும் கிளம்பின. புத்தகத்தை எரித்தார்கள். அரசு பணிந்து, அந்தப் பகுதியை எடுத்துவிடலாம் என்று போனது. அப்போது பம்பாய்த் தெருக்களை நிறைத்தார்கள் தலித்துகள். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்க மாட்டார்கள். இங்கிலீஷ் புத்தகம் அது, விலையும் அதிகம். ஆனாலும் "எங்க ஆள் எழுதினதுல கைவைக்காதே" என்று சொல்ல அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பதிப்பியல் என்ற வார்த்தையே தெரியாத சனங்கள் செய்த பதிப்பியல் போராட்டம் அது. கடைசியில் சமரசம் ஏற்பட்டது. பகுதி இருக்கும், அதில் சொல்லப்பட்ட கருத்து அரசுக்கு உடன்பாடில்லை என்று ஒரு வரியும் கூடவே இருக்கும்.

ஒரு செத்த மனிதனின் எழுத்துக்கு அடியில் அரசாங்கம் "எனக்குச் சம்மதமில்லை" என்று கையெழுத்துப் போட்டது. பிற்காலத்து வாசகனுக்கு இது வேண்டாத கறை என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிஜிட்டல் பதிப்பு போடுகிறவர்கள் அந்த வரியை அழிக்கக் கூடாது. அது 1988இன் ஆவணம். அந்த வரி ஏன் வந்தது, யார் எரித்தார்கள், யார் தெருவுக்கு வந்தார்கள் என்பதையும் கூடவே வைக்க வேண்டும். அச்சில் அதற்கெல்லாம் இடம் பற்றாது. டிஜிட்டலில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

3

இப்போது அந்தத் தொகுதிகள் மின்படியாகக் கிடைக்கின்றன. அம்பேத்கர் அறக்கட்டளையின் 2014 மறுபதிப்பு வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளம் வழியாகவே கோப்புக் கோப்பாக இலவசமாக வந்தது. ஒரு கிராமத்துப் பட்டதாரி பையன் பஸ்ஸில் போய்க்கொண்டே 'சாதி ஒழிப்பு' படிக்கலாம். இது சின்ன விஷயமில்லை. அச்சுப் பதிப்பின் லட்சணம் என்னவென்று 2021 டிசம்பரில் தெரிந்தது. அம்பேத்கர் நூல்களின் ஒன்பது லட்சம் பிரதிகளை அச்சிட 5 கோடியே 45 லட்சம் ரூபாய்க்குக் காகிதம் வாங்கியும், நாலு வருஷத்தில் 33,000 பிரதிதான் அச்சானது, மிச்சக் காகிதம் கிடங்கில் கிடக்கிறது என்று 'லோக்சத்தா' எழுதியது. பம்பாய் உயர்நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. காகிதம் கிடங்கில், வாசகன் வரிசையில். அந்த நிலைமையில் ஒரு இலவசக் கோப்பு என்பது பெரிய விடுதலைதான்.

விமர்சனம் இதற்கப்புறம்தான் தொடங்க வேண்டும். அந்தக் கோப்புகளைத் திறந்தால் நமக்குக் கிடைப்பது அச்சுப் புத்தகத்தின் நிழல். அம்பேத்கரின் தாள் கிடைப்பதில்லை. அவர் எந்தச் சொல்லை அடித்து எந்தச் சொல்லை எழுதினார், ஓரத்தில் என்ன குறித்தார், எந்த அத்தியாயத்துக்கு அவரே தலைப்பு வைத்தார், எதற்குப் பதிப்பாசிரியர்கள் வைத்தார்கள் என்பதையெல்லாம் வாசகன் நேரில் பார்க்க வழியில்லை. பக்கங்கள் காணவில்லை, அத்தியாயம் பாதியில் நிற்கிறது, வரிசையை நாங்கள் அமைத்தோம் என்று பதிப்பாசிரியர்களே பல இடத்தில் நேர்மையாகக் குறித்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பை நம்பித்தான் நாம் படிக்கிறோம். நம்புவதில் தப்பில்லை. ஆனால் ஒரு சமூகத்தின் வேதம்போல ஆகிவிட்ட எழுத்தை, "சொன்னாங்க, நம்பினோம்" என்ற நிலையிலேயே எத்தனை காலம் வைத்திருப்பது? எதையும் நீயே சோதித்துப் பார் என்று சொன்ன புத்தரைத் தேடிப் போனவர் அவர்.

'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் கதையை எடுத்துக்கொள்வோம். 1957இல் அது வெளிவந்தபோது அவர் எழுதி வைத்திருந்த முன்னுரை அதில் இல்லை. தனக்கு உதவியவர்களுக்கு, குறிப்பாகத் தன் மனைவிக்கு, நன்றி சொல்லியிருந்த முன்னுரை அது. 1980இல் பகவான் தாஸ் என்ற தலித் அறிஞர்தான் அதைத் தேடி அச்சிட்டார். பிற்பாடு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ் பிரிட்செட் உருவாக்கிய இணையப் பதிப்பு, அந்த முன்னுரையை நூலோடு சேர்த்து எல்லாரும் படிக்க வைத்தது. விட்டுப்போனதை மறுபடி அதன் இடத்தில் பொருத்துவது டிஜிட்டல் பதிப்பால் ஆகிற காரியம். அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் செய்ததை இங்கே கோடிக்கணக்கில் பணமுள்ள அரசுகள் செய்யவில்லை என்பதையும் சேர்த்தே எழுதி வைக்க வேண்டும்.

சட்டச் சிக்கலும் உண்டு. அவர் உயிரோடு இருந்தபோது வெளியான நூல்களுக்கு 60 ஆண்டுப் பதிப்புரிமை 2016 டிசம்பரோடு முடிந்தது. இறந்த பிறகு வெளியானவற்றுக்குச் சட்டம் வேறு கணக்குப் போடுகிறது, வெளியான ஆண்டிலிருந்து 60. அந்தக் கணக்கில் 1987இல் வந்த 'புதிர்கள்' 2047 வரை பூட்டுக்குள். அவர் எழுத்தை எவ்வளவு தாமதமாக வெளியிட்டார்களோ அவ்வளவு காலம் அது பூட்டுக்குள் கிடக்கும் என்றாகிறது. தாமதப்படுத்தினவனுக்குத் தண்டனை இல்லை, காத்திருந்தவனுக்குத்தான் தண்டனை.

4

இனி நம்ம வீட்டுக் கதைக்கு வருவோம்.

அயோத்திதாசர் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன், தன்னிடம் இருந்த திருக்குறள், நாலடி நானூறு ஓலைச்சுவடிகளை எல்லிஸ் துரையிடம் கொடுத்தார் என்கிறார். தமிழ்ப் பதிப்பு வரலாறு என்றால் பெரிய பெரிய பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். அந்த வரிசையில் துரை வீட்டுச் சமையல்கட்டில் நின்ற ஒருவருக்கு இடமில்லை. சுவடியைக் காப்பாற்றியது எந்தச் சாதி, அச்சில் பெயர் வந்தது எந்தச் சாதி என்ற கேள்வியைப் பண்டிதர் அன்றைக்கே கேட்டுவிட்டார். டிஜிட்டல் யுகத்திலும் அதே கேள்விதான்.

1907 ஜூன் 19ஆம் தேதி சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. புதன்கிழமைதோறும் வரும். அடுத்த ஆண்டு பெயர் 'தமிழன்' என்று சுருங்கியது. 1914 மே 5இல் அவர் இறக்கும்வரை அதில் எழுதிக்கொண்டே இருந்தார். அரசியல், மருத்துவம், இலக்கியம், பௌத்தம், விவசாயம், கேள்வி பதில் என்று எல்லாம் அதில் உண்டு. அதை வாங்கிப் படித்தவர்கள் கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் இறங்கி வேலை செய்தவர்கள், பெங்களூர், திருப்பத்தூர், ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று பிழைக்கப் போனவர்கள். பண்டிதருக்குப் பின் அவர் எழுத்துக்களைச் சிறு சிறு நூல்களாகப் போட்டது தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை. 1920களில் 'தமிழ'னை மறுபடி அங்கிருந்தே நடத்தியவர் ஜி. அப்பாதுரையார்.

இந்தத் தாள்களைப் பல்கலைக்கழகம் காக்கவில்லை. அரசு ஆவணக்காப்பகம் காக்கவில்லை. தொழிலாளி வீட்டுப் பரணும் ட்ரங்குப் பெட்டியும் காத்தன. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் ஒரு பலனும் எதிர்பார்க்காமல் தேடித் தேடிச் சேர்த்து வைத்தார்கள். அந்த அடித்தளத்தின் மேல்தான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' எழுந்தது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் இரண்டு தொகுதிகளும் 2003இல் மூன்றாம் தொகுதியும் வெளியிட்டது. 1990களின் தலித் எழுச்சிக்கு ஒரு முன்னோன் கிடைத்தான். அதுவரை திராவிட இயக்கத்திலிருந்து தொடங்கிய வரலாற்றை இன்னும் முன்னால் தள்ளி எழுத வேண்டியதாயிற்று. மூன்று புத்தகம் ஒரு நூற்றாண்டின் வரிசையைக் கலைத்துப் போட்டது. தாளுக்கு அவ்வளவு பலம்.

அந்தத் தொகுப்பைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவன்தான் நான். அதனாலேயே அதன் எல்லையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது பொருள்வாரியாகப் பிரித்தது: அரசியல், சமூகம், சமயம், இலக்கியம். படிக்கிறவனுக்கு வசதி. ஆனால் 'தமிழன்' ஒரு வாரப் பத்திரிகை. ஒரே புதன்கிழமை பண்டிதர் சுதேசிக்காரர்களைச் சாடியிருப்பார், அடுத்த பத்தியில் ஒரு குறளுக்கு விளக்கம் சொல்லியிருப்பார், அதற்கும் அடுத்து மருந்து. இவை ஒன்றோடொன்று உரசி நின்றதில் ஒரு அர்த்தம் இருந்தது. வைத்தியரும் பௌத்தரும் அரசியல்காரரும் ஒரே ஆள் என்பது அந்தப் பக்கத்தில் தெரியும். பொருள்வாரியாகப் பிரித்ததும் மூன்று பேராகிவிடுகிறார். அதோடு விளம்பரம், சந்தாக் கணக்கு, வாசகர் கடிதம், கூட்ட அறிவிப்பு எல்லாம் ஒருவரின் 'சிந்தனை'யைத் தேடும்போது பின்னுக்குப் போய்விடுகிறது. இயக்கம் இருப்பதோ அங்கேதான். ரங்கூனிலிருந்து எட்டணா அனுப்பியவர் யார், எந்த ஊரில் சங்கம் திறந்தார்கள், யார் வீட்டுக் கல்யாணம் பௌத்த முறையில் நடந்தது என்பதெல்லாம் தெரிந்தால்தான் இது ஒரு தனி மேதையின் கதையா, ஒரு சனக்கூட்டத்தின் கதையா என்று தெரியும்.

நல்லவேளையாக அலாய்சியஸ் ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறார். ஒவ்வொரு கட்டுரையின் கீழும் மாலை எண், இதழ் எண், தேதி போட்டிருக்கிறார். பார்க்கச் சின்ன எண்கள்தான். ஆனால் டிஜிட்டல் பதிப்புக்கு அதுவே உயிர்நாடி. அந்த எண்ணை வைத்து மூன்று தொகுதியையும் மறுபடி வாரம் வாரமாக அடுக்கிவிட முடியும். பொருள்வாரியாக வேண்டுபவன் அப்படிப் படிக்கட்டும், வாரவாரியாக வேண்டுபவன் இப்படிப் படிக்கட்டும். அச்சில் ஒரு வரிசையைத்தான் வைக்க முடியும். கணிப்பொறியில் இரண்டையும் வைக்கலாம். கிடைக்கிற இதழ்களின் படத்தையும் பக்கத்திலேயே வைத்தால் எந்த இதழ் இருக்கிறது, எது இல்லை என்ற கணக்கும் பச்சையாகத் தெரிந்துவிடும். இல்லாததைத் தேடிப் போக அப்போதுதான் ஆள் கிளம்புவான்.

5

இருக்கிற 'தமிழ'னைப் பற்றி இவ்வளவு பேச முடிகிறது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய 'பறையன்' இதழைப் பற்றி என்ன பேசுவது? 1939இல் அவர் எழுதிய 'ஜீவிய சரித்திர சுருக்க'த்திலிருந்தும், காலனிய அரசு தயாரித்த சுதேசிப் பத்திரிகை அறிக்கைகளிலிருந்தும்தான் அதை ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உள்நாட்டுப் பத்திரிகை எதிலாவது ராஜதுரோகம் இருக்கிறதா என்று கண்காணிக்க, அரசு மொழிபெயர்ப்பாளர் சாரத்தை இங்கிலீஷில் எழுதி மேலே அனுப்புவார். அந்த அறிக்கைகள் பத்திரமாக இருக்கின்றன. நம்மாள் தமிழில் எழுதினது போய்விட்டது, அதை வேவு பார்த்தவன் இங்கிலீஷில் எழுதினது நிற்கிறது. ஜெ. பாலசுப்பிரமணியம் 1869 முதல் 1943 வரையான தலித் இதழ்களைப் பற்றி எழுதிய 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' நூலைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், எத்தனை இதழ்கள் வெறும் பெயராக மட்டும் எஞ்சியிருக்கின்றன என்று.

ஸ்கேன் செய்தால் அழியாது என்று நினைப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. 1990களில் நம்ம சிறுபத்திரிகைகள் கணிப்பொறி அச்சுக்கோப்புக்கு மாறின. ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீட்டு முறை. யூனிகோடு தமிழகத்தில் அரசாங்கத் தரமாக வந்தது 2010இல்தான். அந்தக் காலத்துப் பிளாப்பியைத் திறந்தால் இன்று கட்டம் கட்டமாகத்தான் தெரியும். 1907இன் தாளைக் கண்ணால் படிக்கலாம், 1995இன் கோப்பைப் படிக்க முடியவில்லை. டிஜிட்டல் என்றால் நிரந்தரம் என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

பெயர் வைப்பதும் இதைப் போலப் பெரிய விவகாரம். படத்தை ஏற்றிவிட்டால் போதாது. தேடினால் கிடைக்க வேண்டும், அதற்கு விவரக்குறிப்பு வேண்டும். பண்டிதர் தன் மக்களைச் சாதிபேதமற்ற திராவிடர் என்றார், பூர்வ பௌத்தர் என்றார். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அப்படிப் பதிய வேண்டும் என்று போராடினார். பஞ்சமர் என்று எழுதாதே என்று சண்டை போட்டார். அவர் எழுத்தைக் கொண்டுபோய் 'அரிசனம்' என்றோ 'தாழ்த்தப்பட்டோர்' என்றோ தலைப்பிட்ட கூடையில் ஒரு பட்டியல்காரர் போட்டால், பண்டிதர் வாழ்நாள் முழுக்கப் போராடியதை ஒரே சொல்லில் தோற்கடித்ததாகாதா? இன்றைய 'தலித்' என்ற சொல்லையும் தேடுவதற்காக வைக்கத்தான் வேண்டும், மாணவன் அந்தச் சொல்லில்தான் தேடுவான். ஆனால் அவர் சொன்ன பெயர் முதலில் நிற்கட்டும்.

எழுத்தையும் திருத்தக் கூடாது. கணிப்பொறி பழைய அச்சைப் படிக்கும்போது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னை வடிவங்களில் தடுமாறும். அதைச் சரிசெய்ய ஆள் உட்கார வேண்டும். உட்காருகிற ஆள் அப்படியே பண்டிதரின் தமிழையும் 'சரி' செய்துவிடுவார். அவர் ஒரு சொல்லைப் பிரித்து வேறு பொருள் காட்டுவதே எழுத்தைப் பிடித்துத்தான். ஒரு எழுத்தை மாற்றினால் அவர் வாதமே சரிந்துவிடும்.

6

இனி சொல்லப் போவது நம் ஆட்களில் சிலருக்குக் கசக்கும்.

பஞ்சமர் என்ற பெயரைப் பண்டிதர் எதிர்த்ததற்கு ஒரு காரணம், தன் மக்களோடு குறவர், வில்லியர், சக்கிலியர், தோட்டிகள் ஆகியோரையும் ஒரே பெயரில் சேர்த்துவிட்டார்கள் என்பது. சூழ்ச்சியால் தாழ்த்தப்பட்டவர்கள் வேறு, இவர்கள் வேறு என்று பிரித்தார். அருந்ததியத் தோழர்கள் இதைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். அவர் காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சாதி எப்படி வந்தது என்று அவ்வளவு ஆழமாகத் தோண்டியவர், தனக்குக் கீழே வைக்கப்பட்டவர்களிடம் வந்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டார்.

டிஜிட்டல் பதிப்பில் இந்தப் பகுதிகளை என்ன செய்வது? "எதிரிக்குத் தீனி போடாதே, விட்டுடலாம்" என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். கோப்பில் ஒரு பக்கத்தை விடுவது ரொம்பச் சுலபம். அச்சில் பக்கம் கிழித்தால் தையலில் அடையாளம் நிற்கும், கோப்பில் அதுவும் நிற்காது. ஆனால் ஒன்று கேட்கிறேன். 'புதிர்க'ளில் ராமன், கிருஷ்ணன் பகுதியை எடு என்று கத்தினவனுக்கும் நமக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்? அவன் தன் சாமிக்காக வெட்டச் சொன்னான், நாம் நம் சாமிக்காக வெட்டுகிறோம். பண்டிதரைச் சாமியாக்கத்தான் போகிறோம் என்றால் பதிப்பு எதற்கு, மணிமண்டபமே போதும்.

முழுசாய் வைப்போம். அதன் பக்கத்திலேயே அருந்ததிய எழுத்தாளர் ஒருவரின் விமர்சனத்தையும் வைப்போம். ஒரு தலைவரின் தாளைத் திறந்து வைப்பது என்றால், அவரால் காயப்பட்டவர்களும் வந்து படித்துப் பதில் எழுதத் திறந்து வைப்பது என்றுதான் அர்த்தம்.

அதற்காக எல்லாத் தாளையும் ஊருக்கெல்லாம் விரித்துவிடவும் முடியாது. தலைவர்களின் பெட்டியில் அவர்கள் எழுதியது மட்டும் இருக்காது. அவர்களுக்கு வந்த மனுக்கள், கடிதங்கள் இருக்கும். அடிபட்டவர், மானபங்கப்பட்டவர், ஊர்விலக்கம் ஆனவர் என்று பெயரோடும் ஊரோடும் இருக்கும். பேரப்பிள்ளைகள் அதே ஊரில் அதே ஆண்டைக்குப் பக்கத்துத் தெருவில் வாழ்கிறார்கள். தலைவரின் வார்த்தையை மறைக்க நமக்கு உரிமை இல்லை. நம்பி எழுதினவளின் பெயரைச் சந்தி சிரிக்க வைக்கவும் உரிமை இல்லை. அப்படிப்பட்ட தாளைப் பாதுகாக்கலாம், குடும்பத்தைக் கேட்காமல் வெளியிடக் கூடாது. நிறுத்தி வைத்ததை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று பட்டியலில் எழுதி வைத்துவிட்டால் போதும். அது மறைப்பாகாது.

7

ஆக, செய்ய வேண்டியது என்ன?

முதலில் படம், பிறகுதான் எழுத்து. அட்டை, ஓரம், விளம்பரம், பின்பக்கம் எதையும் விடாமல் வண்ணத்தில் படமெடுக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பென்சில் குறிப்பு போய்விடும். இரண்டாவது, தாள் கொடுத்த வீட்டுக்கே தாள் திரும்பிப் போக வேண்டும், கூடவே ஒரு பிரதியும். ஆய்வாளர் வந்து "பார்த்துட்டுத் தர்றேன்" என்று வாங்கிப்போய், டாக்டர் பட்டத்தோடு திரும்பாமல் போன கதைகள் நம்ம குடும்பங்களில் நிறைய. கொடுத்தவர் பெயர் பதிப்பின் முதல் பக்கத்தில் வரட்டும், கந்தப்பனுக்கு நேர்ந்தது இன்னொரு முறை நேர வேண்டாம். மூன்றாவது, ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. ஒரு அரசு மாறினால், ஒரு நிறுவனத்துக்குப் பணம் நின்றால், ஒரே நாளில் எல்லாம் போய்விடும். ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடங்களில் ஒன்று, பல்கலைக்கழகத்தில் ஒன்று, சேரி நூலகத்தில் ஒன்று, தோழர்கள் கையில் ஒன்று. யாரும் இறக்கிக்கொள்ளலாம், நகலெடுக்கலாம், அச்சிடலாம் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். பண்டிதர் இறந்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது, அவர் எழுத்துக்கு எந்தச் சட்டப்பூட்டும் இல்லை. நான்காவது, படிக்கத் தெரிந்தவர்களை உருவாக்க வேண்டும். பழைய அச்சை வாசித்துத் தட்டச்சு செய்ய ஐம்பது மாணவர்களைப் பழக்கினால், பதிப்பும் வரும், ஐம்பது ஆய்வாளர்களும் வருவார்கள்.

இதற்கெல்லாம் அவகாசம் நிறைய இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கோலார் தங்கவயல் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. பூமிக்கடியில் வேலை செய்து, மேலே வந்து 'தமிழன்' படித்த குடும்பங்கள் வேலை தேடிச் சிதறின. பிள்ளைகள் விடிகாலை ரயிலேறி பெங்களூருக்குப் போய் ராத்திரி திரும்புகிறார்கள். கிழவர்கள் சாகிறார்கள், வீடு காலியாகிறது, ட்ரங்குப் பெட்டி எடைக்குப் போகிறது. அலிப்பூர் சாலையில் 1967இல் ஒரே நாளில் நடந்தது, அங்கே சத்தமில்லாமல் வீடு வீடாக நடக்கும். அதைத் தடுக்க மந்திரியைப் பார்க்க வேண்டியதில்லை, மகஜர் கொடுக்க வேண்டியதில்லை. இந்த இதழைப் படிக்கிற மாணவர்கள் நாலு பேர் ஒரு கேமராவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரிக்குப்பத்துக்கு ரயிலேறினால் போதும். போகும்போது சாக்கோடு போகாதீர்கள். தாளை எடுத்து வர வேண்டாம். அங்கேயே உட்கார்ந்து, அந்த வீட்டுக்காரர் பார்க்கப் பார்க்கப் படமெடுத்து, தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.